நாலு அறை வீடு

பொழிச்சலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் நாடகம் போடும்போது விமானத்துக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்கிவைக்க வேண்டும். தலைக்கு மேல் இரைச்சல் கேட்டதும் நடிப்பவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். தூக்கிய கை தூக்கியபடி இருக்கும். ஓடிக்கொண்டிருந்த கால் பாதியில் நிற்கும். இரண்டாவது விமானத்துக்குள் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி சிலைகளாகிவிடுவார்கள். சத்தம் மீனம்பாக்கத்தில் இறங்கி அடங்கியதும் இருநூறு பேரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். அந்த மூச்சுச் சத்தத்துக்காகவே அசரியாவுக்குப் பொழிச்சலூர் பிடிக்கும்.

அசரியா ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். பீர்க்கன்கரணையில், ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அதிகம் பேசமாட்டார். ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்வதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஆனால் பாடங்களை நாடகமாக்கும் யோசனை அவருடையதுதான். பள்ளியில் ஒரு பீரியடு கொடுத்தால் போதும். நாற்பது நிமிஷத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். ஒலிபெருக்கி வேண்டாம், மேடை வேண்டாம், வேப்பமரத்தடி போதும்.

குழு என்று சொன்னால் நாலே பேர். அசரியா, மனைவி ரத்தினபாய், கல்லூரியில் படிக்கும் மகள் பிளஸ்ஸி, பம்மலில் தையல்கடை வைத்திருக்கும் முனீர். உடுப்பு தைக்க வந்த முனீர் ஒருநாள் ஆள் குறைந்ததால் உள்ளே நின்றார். அப்புறம் வெளியே போகவில்லை.

அவர்களிடம் இருந்த நாடகங்களில் அதிகம் கேட்கப்பட்டது ‘நாலு அறை வீடு’. இதயம்தான் அந்த வீடு. மூங்கில் கழிகளில் துணியைக் கட்டி, மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. நடுவில் முனீர் வாயிற்காப்போன். “வந்தவன் திரும்பிப் போகக் கூடாது, இன்னா புர்தா?” என்று மிரட்டியபடி துணிக்கதவுகளைத் திறந்து மூடுவார். பிளஸ்ஸி ரத்தம். நீலத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, உடம்பெல்லாம் சுற்றிக் களைத்தவளாகப் பிள்ளைகள் நடுவிலிருந்து எழுந்து வந்து வலது அறைக்குள் நுழைவாள். கீழே இறங்கி நுரையீரலுக்குப் போவாள். நுரையீரல் ரத்தினபாய். கையில் விசிறியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். “ஏட்டி, இந்தக் கோலத்துலயா வருவ? வா, மூச்சு வாங்கிக்கோ” என்று நாகர்கோவில் பேச்சில் சொல்லி, நீலத்தை உருவிவிட்டுச் சிவப்பைப் போர்த்துவாள். பிளஸ்ஸி புதுப்பெண்போல இடது அறைக்குள் வந்து, கீழே இறங்கி, பிள்ளைகளுக்குள் பாய்ந்து ஓடுவாள். அசரியா ஒரு பிஸ்கட் டின்னில் லப் டப் என்று தட்டுவார். முழுப் பள்ளியும் தரையில் தட்டும்.

அந்த நேரத்தில் ஆசிரியர்கள் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். ஒரு பீரியடு ஓய்வு கிடைத்ததே என்று டீ குடிக்கப் போவார்கள், அல்லது ஓரமாக நாற்காலி போட்டு நோட்டுத் திருத்துவார்கள்.

போன ஜூனில், சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளியில், முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள். “சார், வலது அறைன்னு சொல்றீங்க. ஆனா எங்க இடது பக்கம் இருக்கே?”

அசரியா வழக்கப்படி யோசித்தார். நாடகத்தில் அவர் ஒத்திகை பார்ப்பது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான். பார்க்கிறவர்களுடைய பக்கம்தான் பக்கம், நடிக்கிறவனுக்குத் தனியாகப் பக்கம் கிடையாது என்பது அவர் குழுவுக்குச் சொன்ன முதல் பாடம். மறுநாளே அறைகளை இடம் மாற்றினார். பிள்ளைகளின் வலது கைப் பக்கம் வலது அறை. “வலது எது?” என்று கேட்டதும் இருநூறு வலது கைகள் ஒரே பக்கம் காட்டின. ஒரு கைகூடத் தடுமாறவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியில் அவர் தானாகவே பேசினார் என்று ரத்தினபாய் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூனிலிருந்து டிசம்பருக்குள் இருபத்தேழு பள்ளிகள்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை காலையில் முனீர் தன் மகள் இரமை டிவிஎஸ்ஸில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். பனி இன்னும் விலகவில்லை. ரத்தினபாய் வாசலில் கருவாட்டைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார், உங்க ரசிகை முட்டை வாங்கியாந்துகிறா பாருங்க” என்று சிரித்தபடி முனீர் ஒரு விடைத்தாளை நீட்டினார். “படம் எவ்ளோ ஷோக்கா கீது! அந்த டீச்சரம்மாவுக்கு இன்னா காண்டோ, அஞ்சு மார்க்கையும் அடிச்சி வுட்டுச்சி.”

இரம் பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். படம் அழகாக இருந்தது. பென்சிலால் ஸ்கேல் வைத்துக் கோடிழுத்துப் பெயர்கள். நான்கு அறைகளின் மேலும் சிவப்பு மையில் நான்கு பெருக்கல் குறிகள்.

அசரியா தாளைப் பார்த்தார். பிறகு நான்கு பெருக்கல் குறிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“சார்?”

“எத்தன பேரும்மா?” என்று இரமிடம் கேட்டார்.

அவளுக்கு அவர் என்ன கேட்கிறார் என்று புரிந்தது. “எங்க க்ளாஸ்ல பாதிக்கு மேல அங்கிள், இருபத்திரண்டு பேர். அத்தன பேருக்கும் இதே மாதிரிதான். ஒரே மாதிரி தப்பு வந்ததால காப்பி அடிச்சீங்களான்னு ஞானம்மாள் மிஸ் வெளிய நிக்க வெச்சிட்டாங்க. நாங்க யாரும் காப்பி அடிக்கல. நாடகத்துல பாத்ததத்தான் போட்டோம்.”

“இன்னாது?” முனீரின் சிரிப்பு நின்றது. “நாம சரியாத்தான காட்னோம்?”

புத்தகத்தில் இருப்பது எதிரே நம்மைப் பார்த்து நிற்கும் ஓர் ஆளின் இதயம். அவனுடைய வலது, நம் இடது. அசரியா அதைச் சொல்ல வாயெடுத்து, வேறொன்றைச் சொன்னார்.

“தவளைய மல்லாத்தி வெச்சு ஊசி குத்தினதும் முதல் நாள் பசங்ககிட்ட நான்தான் சொல்லுவேன், முனீர். உன் வலது இல்லடா, தவளையோட வலதுன்னு. இருபத்திரண்டு வருஷம் சொல்லியிருக்கேன்.”

ரத்தினபாய் கருவாட்டுக் கையோடு எழுந்து வந்தாள். “புத்தகம்னு ஒண்ணு இருக்குல்லா? பிள்ளைங்க அதப் படிக்காமலா பரீட்சைக்குப் போகும்?”

“படிச்சேன் ஆன்ட்டி” என்றாள் இரம். “படிக்கறப்போ புத்தகம் மாதிரிதான் இருக்கு. எழுதறப்போ பிளஸ்ஸி அக்கா அந்தப் பக்கத்துலேர்ந்து ஓடி வர்றாங்க.”

காக்கை ஒன்று கருவாட்டைக் கொத்திக்கொண்டு போனது. ரத்தினபாய் விரட்டவில்லை.

“தையல்ல இதுமாதிரி ஆவும் சார்” என்றார் முனீர் கடைசியில். “துணிய திருப்பிப் போடாம வெட்டிட்டா ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வந்துரும். வேற துணி வாங்கிக் குடுத்துடுவோம். இன்னா பண்றது.”

“வேற துணி இல்லையே” என்றார் அசரியா.

பொதுத்தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தது.

முதலில் அவர் நாடகத்தைச் சரிசெய்யப் பார்த்தார். மாடியில் பழைய இடத்தில் அறைகளைக் கட்டினார்கள். பிளஸ்ஸி கல்லூரியிலிருந்து வந்து, டிபன்பாக்ஸைக்கூட வெளியே எடுக்காமல், துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு மேலே வந்தாள். டின் சத்தம் தொடங்கியதும் அவள் கால்கள் பழகிய அறைக்கே ஓடின. சிவப்புக்கு இருந்த கதவில் நீலம் நுழைந்தது. முனீர் மூடப்போன கதவில் முட்டி இருவரும் விழுந்தார்கள்.

“ஏ ரத்தம், கண்ணு தெர்லயா?”

“வாயிற்காப்போன் அண்ணா, உங்க கை எதுக்கு அந்தப் பக்கம் போச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அவள் அதே பக்கம் ஓடினாள். ஆறாவது தடவை சரியாக ஓடினாள். ஆனால் அது ஓட்டமாக இல்லை, எண்ணி எண்ணி வைத்த நடை. மூச்சு வாங்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று சொன்னாள்: “அப்பா, எனக்கே இப்படி இருக்கு. அந்தப் பசங்களுக்கு?”

அசரியா டின்னின் மூடியை மூடினார்.

எந்தப் பள்ளியும் பிப்ரவரியில் நாடகத்துக்குப் பீரியடு தரத் தயாராக இல்லை. திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு பள்ளியாகச் சைக்கிளில் போனார். பெருங்களத்தூரில் ரயில்வே கேட் திறக்கக் காத்து நின்று, ஜிஎஸ்டி சாலையின் லாரிப் புகையில் இருமி, பத்தரை மணிக்குள் சட்டை நனைந்துவிடும். காவலாளிகள் முதலில் சிரித்து வரவேற்றார்கள். “இன்னிக்கி ஷோவா சார்?”

பம்மலில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் ராஜகோபால் அவரை உட்காரவைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க ரொம்ப மனசுல போட்டுக்கறீங்க சார். பசங்களுக்கு நேத்து நடத்தின பாடமே ஞாபகம் இருக்கறதில்ல. ஆகஸ்ட்டுல போட்ட நாடகமா இருக்கப் போவுது?”

“இருக்கும் சார்.”

“நல்லா இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. பசங்க சிரிச்சாங்க. அவ்ளோதான் சார் அது.”

அசரியா மோரைக் குடித்தார். பள்ளிகளுக்கு அவர் கொடுக்கும் நோட்டீசில் ‘ஒருமுறை பார்த்தால் மறக்காது’ என்று அச்சடித்திருந்தார். அதை எழுதும்போது வேறு வாக்கியமே தோன்றவில்லை. இப்போது இவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். தன் நாடகத்தைப் பிள்ளைகள் மறந்துபோயிருக்க வேண்டும் என்று விரும்பிக்கொண்டே, அவர்கள் மறக்கவில்லை என்று வாதாட வந்திருந்தார்.

“அரையாண்டுப் பேப்பர எடுத்துப் பாத்தீங்கன்னா தெரியும் சார்.”

“அதெல்லாம் பசங்ககிட்ட குடுத்தாச்சு. பேரன்ட்ஸ் காதுல விழுந்தா, இந்த ஸ்கூல்ல தப்பா சொல்லிக் குடுத்தாங்கன்னு ஆயிடும். பரீட்சை நேரத்துல எதுக்கு? விடுங்க சார்.”

வேறு இரண்டு பள்ளிகளில் உள்ளேயே விடவில்லை. இன்னொன்றில், அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதித் தரச்சொல்லி வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு இடத்தில் பத்து நிமிஷம் கிடைத்தது. இரம் படிக்கும் பள்ளி. ஞானம்மாள் டீச்சர் தானாக முன்வந்து, காலை ஜெபம் முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனியாக நிறுத்தினாள். வெயில் அப்போதே தலையில் இறங்கியிருந்தது. அசரியா டின் இல்லாமல், முனீர் இல்லாமல், தனியாக அவர்கள் முன் நின்றார்.

“பிள்ளைங்களா, நான் உங்களுக்குக் காட்டினது தப்பு. படத்துல நம்ம இடது பக்கம் இருக்கறதுதான் இதயத்தோட வலது.”

ஒரு சலசலப்பு. பின்வரிசையில் ஒருவன் கேட்டான். “அப்ப புக்கு தப்பா சார்?”

“புக்கு சரி. நாடகம் தப்பு.”

“எங்க வலதா சார், உங்க வலதா?”

அசரியா வலது கையைத் தூக்கிக் காட்டினார். எதிரே பாதிப்பேர் வலது கையையும் பாதிப்பேர் இடது கையையும் தூக்கினார்கள். அவர் திரும்பி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு கையைத் தூக்கினார். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். யாரோ லப் டப் என்றார்கள். எல்லோரும் தரையில் காலால் தட்டினார்கள். அவர்களுக்கு அது நாடகத்தின் மிச்சமாகத்தான் தெரிந்தது. சிரித்து முடித்ததும் கைதட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து முனீர் வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. திண்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

“திருப்புதல் பேப்பர் குடுத்தாங்க சார். அந்த இருபத்திரண்டு பேர்ல பதிமூணு பேர் சரியா போட்டுக்கறாங்க.”

“மீதி ஒம்பது?”

“அது அப்டியேதான். அத்த வுடுங்க. ஆனா மொதல்ல சரியா போட்டதுங்க இருந்துச்சே, அதுல பதினேழு இப்ப மாத்திப் போட்டுகீதாம். நீங்க வந்து சொன்னப்புறம்.”

ரத்தினபாய் கொதிக்கிற கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“டீச்சரம்மா கோச்சிக்கல சார்” என்றார் முனீர். “இனிமே வரவேணாம்னு சொல்லச் சொன்னாங்க. நல்லவிதமாத்தான் சொன்னாங்க.”

“இரம்?”

“நேத்து சரியா போட்டா. இன்னிக்கிக் காலீல கேட்டா மாத்தி சொல்றா. சபீஹா, அவங்க அம்மா, ஒரே பேஜார் பண்றா. பயாலஜி குரூப் கெடைக்கணும்னா சயின்ஸ்ல எம்பது வேணுமாமே. அஞ்சு மார்க்குன்னா சும்மாவா?” கழற்றிய செருப்பைக் காலால் தள்ளிவைத்தார். “நான் யாரத் திட்டறது சார்? நானும் தான அங்க கதவு தொறந்துகினு நின்னேன்.”

அன்றிலிருந்து இரம் பள்ளி விட்டதும் பீர்க்கன்கரணைக்கு வந்தாள். ரத்தினபாய் அவளுக்குப் பயறு அவித்துத் தேங்காய் போட்டுக் கொடுத்தாள். அசரியா எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் வரைந்தாள். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. கேட்டால் சரியாகச் சொன்னாள். அப்புறம் பென்சிலைக் கடித்தபடி, “சரிதான அங்கிள்?” என்பாள்.

“சரிதான்.”

“எனக்குச் சரின்னு தெரியுது. ஆனா சரின்னு தோணல.”

அவர் பென்சிலை வாங்கிச் சீவிக் கொடுப்பார். அவள் அடுத்த படத்தைத் தொடங்குவாள்.

“மத்த ஸ்கூலுக்கெல்லாம் ஒரு கார்டு போட்டா என்ன?” என்று ஒருநாள் ரத்தினபாய் கேட்டாள்.

“போட்டு?”

“தெரியட்டும்.”

“தெரிஞ்சா சரியா எழுதறவனும் தப்பா எழுதறான், ரத்தினம்.”

“அப்போ சொல்லாம இருக்கச் சொல்லுதியளா?”

“சொன்னாலும் கெடுது. சொல்லலேன்னாலும் கெடுது.”

அவள் போய்த் துணிக்கதவுகளைத் துவைக்கப் போட்டாள். அவை அழுக்காக இல்லை.

மார்ச் கடைசியில் அறிவியல் பரீட்சை வந்தது. இரமுக்குக் குரோம்பேட்டையில் சென்டர். ஐந்தாறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே இடம். முனீர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அசரியாவும் போனார். வீட்டில் இருக்க முடியவில்லை. கேட்டுக்கு எதிரே, நீர்மோர் விற்பவளின் குடை நிழலில் இருவரும் நின்றார்கள். வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. மற்ற பெற்றோர்கள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டும், செய்தித்தாளைத் தலைக்குப் பிடித்துக்கொண்டும் நின்றார்கள்.

“வராதுன்னு வெச்சிக்கோங்க சார்” என்றார் முனீர். “எத்தனியோ படம் கீது. கண்ணு கீது, கிட்னி கீது. இதயமேவா கேட்டுடப் போறான்?”

மணி அடித்தது. முதலில் வந்த பிள்ளைகள் கேள்வித்தாளை விசிறிக்கொண்டே ஓடினார்கள். இரம் தாமதமாக வந்தாள். அட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“வந்துச்சாம்மா?” என்றார் முனீர்.

தலையாட்டினாள்.

“இன்னா போட்ட?”

“மொதல்ல ஒரு மாதிரி போட்டேன் அத்தா. அப்புறம் அழிச்சிட்டு மாத்திப் போட்டேன். மறுபடியும் அழிச்சேன். பேப்பர் கிழிய ஆரம்பிச்சிடுச்சு.” அசரியாவைப் பார்த்தாள். “கடைசியில எது இருக்குன்னு எனக்குத் தெரியல அங்கிள். யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். தெரியல.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். முனீர் அவள் அட்டையை வாங்கிக்கொண்டு, “சரி உடு, வெயில்ல நிக்காத, மோர் குடி” என்றார்.

அப்போதுதான் கேட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. “டேய், ஹார்ட் சார்டா!”

பம்மல் பள்ளிச் சீருடையில் ஏழெட்டுப் பையன்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அசரியாவின் கையை ஒருவன் பிடித்துக் குலுக்கினான். உள்ளங்கை மையும் வேர்வையுமாக இருந்தது.

“சார், உங்க நாடகம்தான் சார் அஞ்சு மார்க்குல வந்துச்சு!”

“கண்ண மூடினேன் சார். அந்த அக்கா ஓடி வந்தாங்க. அப்டியே போட்டுட்டேன். ஒரு அழிப்பு இல்ல சார்.”

“எங்க ஸ்கூல்ல எல்லாரும் அத்தத்தான் சார் எழுதிகிறோம். வேற டயக்ராமு சாய்ஸ்ல இருந்துச்சு, யாருமே தொடல.”

“தோ, டோர்கீப்பரும் வந்துகிறார் பார்றா!”

முனீர் வாயைத் திறந்தார். அசரியா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். முனீர் வாயை மூடிக்கொண்டு மோர்க்காரியின் பானையைப் பார்த்தார். இரம் டம்ளரை உதட்டில் வைத்தபடி, குடிக்காமல், அந்தப் பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்து என்னப்பா பரீட்சை?” என்று அசரியா கேட்டார்.

“நாளன்னிக்கி சோஷியல் சார். அதான் கடைசி.”

“நல்லாப் படிங்க.”

“அதுதான் சார் மண்டையில ஏறவே மாட்டேங்குது” என்றான் கையைப் பிடித்திருந்தவன். இன்னும் விடவில்லை. “சோஷியலுக்கு நாடகம் எதுனா கீதா சார்? நாளைக்கி லீவுதான். எங்க இருந்தாலும் வந்து பாக்கறோம் சார்.”

“இல்லப்பா” என்றார் அசரியா.

பையன் நம்பாமல் முனீரைப் பார்த்தான். பிறகு மறுபடியும் அசரியாவைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், கெஞ்சுகிற குரலில் சொன்னான்.

“சின்னதா இருந்தாகூடப் போதும் சார்.”